கொஞ்சம் வெற்றிடம் கொடுத்தால் ஊருக்கே வெந்நீர்

ஃபின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியின் சல்மிசாரி மின் நிலையத்தில் 2025 ஏப்ரல் 1 அன்று நிலக்கரி எரிப்பதை நிறுத்தினார்கள். செய்தியைப் படித்த நெய்வேலிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அந்த ஆலை எரித்த கரியின் ஆற்றலில் 90 சதவீதம் வரை பயன்பட்டதாம். நம்மூர் அனல்மின் நிலையங்கள் 35 சதவீதத்தைத் தாண்டவே திணறுகின்றன. மீதி குளிர்விப்புக் கோபுரம் வழியாக வானத்துக்குப் போகிறது. நம்மவர்களுக்கு விஷயம் தெரியாதா, இல்லை அக்கறை இல்லையா?”

தெரியும், அக்கறையும் உண்டு. ஆனால் பதில் கொஞ்சம் சுற்றுவழியாகத்தான் வரும். அதற்கு முன் ஓர் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். நிலக்கரி மாசு பற்றி எந்தச் செய்தி வந்தாலும் பத்திரிகைகளில் குளிர்விப்புக் கோபுரத்தின் ‘வெண்புகை’ படத்தைத்தான் போடுகிறார்கள். அது புகையே அல்ல. நீராவி குளிர்ந்து துளித்துளியாகி நிற்கும் மேகம், அவ்வளவுதான். கரியமில வாயுவும் கந்தக டை ஆக்சைடும் போவது பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் புகைபோக்கி வழியாக, அதுவும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல். ஆனாலும் தப்பான அந்தப் படத்தில் தற்செயலாக ஒரு நியாயம் இருக்கிறது. எரித்த கரியின் ஆற்றலில் பாதி அந்த மேகத்தோடுதான் போகிறது. நூறு பங்கில் ஏறக்குறைய 35 மின்சாரமாகிறது. பத்துப் பதினைந்து பங்கு புகைபோக்கிச் சூட்டிலும் இதர இழப்புகளிலும் கழிகிறது. மிச்சம் ஐம்பது கோபுரத்துக்கு.

ஆலையின் முன்பாதி பள்ளிப் பாடத்தில் வந்ததுதான், வேகமாகத் தாண்டிவிடலாம். கரியை மாவாக அரைத்துக் காற்றோடு உலைக்குள் ஊதுகிறார்கள். உலையின் சுவர் முழுக்கக் குழாய்கள். அவற்றில் ஓடும் நீர் கொதித்து ஆவியாகி, மேலும் சூடேறி, 540 டிகிரி வெப்பநிலையிலும் வளிமண்டலத்தைப் போல 130 மடங்கு அழுத்தத்திலும் டர்பைனுக்குள் பாய்கிறது. டர்பைன் சுழல, ஜெனரேட்டர் சுழல, மின்சாரம் வருகிறது. பறக்கும் சாம்பலை மின்புலம் பிடிக்கிறது, கந்தகத்தைச் சுண்ணாம்புக் கரைசல் பிடிக்கிறது. சரி, முன்பாதி முடிந்தது. எனக்குப் பிடித்த சமாசாரம் டர்பைனின் பின்வாசலில் இருக்கிறது.

வேலை முடித்து வெளியே வரும் ஆவியை என்ன செய்வது? ரயில் என்ஜின் அதைப் புஸ்ஸென்று காற்றில் விட்டுவிட்டுப் போனது. காற்றில் விட வேண்டுமென்றால் ஆவி வெளிக்காற்றின் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளியாக வேண்டும், அதற்குக் கீழே விரிய முடியாது. இந்த எல்லையைத் தாண்டும் நல்ல வழி 1765-ல் ஜேம்ஸ் வாட் செய்த காரியத்தில் இருக்கிறது. எஞ்சினை ஒட்டித் தனியாக ஒரு குளிர்ந்த அறை வைத்து, ஆவியை அதற்குள் இழுத்து நீராக்கினார். அதுதான் கண்டன்சர்.

நெய்வேலியானாலும் வடசென்னையானாலும் இன்றைய கண்டன்சர் என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் அடைத்த ஒரு பெரிய பெட்டி. குழாய்க்குள் குளிர்ந்த நீர், குழாய்க்கு வெளியே ஆவி. 33 டிகிரியில் குளிர வைத்தால் உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தில் இருபதில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அந்த நிலையில் ஒரு கிலோ ஆவி 28 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த குழாயைத் தொட்டதும் ஒரே லிட்டர் நீராகிக் கீழே சொட்டும். 28,000 பங்கு இடத்தில் ஒரு பங்கு போக மற்றதெல்லாம் காலி! இந்த வெற்றிடத்தை யாரும் பம்பு வைத்து உறிஞ்சி உண்டாக்கவில்லை, ஆவி தானே நீராகி உண்டாக்கியது. பம்பு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் வேலை இடுக்குகளில் கசிந்து உள்ளே வரும் காற்றை அகற்றுவது மட்டும்தான்.

முன்னால் 130 மடங்கு அழுத்தம் தள்ளுகிறது, பின்னால் வெற்றிடம் இழுக்கிறது. டர்பைனின் கடைசிப் படிகள் வேலை செய்வது இந்த இழுப்பில்தான். ஆவி அங்கே ஏகத்துக்கும் விரிந்துவிடுவதால் பெரிய யூனிட்டுகளில் கடைசி வரிசைத் தகடுகள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். டர்பைனைத் திறந்து வைத்திருக்கும்போது பார்த்தால் உயரழுத்தப் பகுதி சின்னதாக, தாழழுத்தப் பகுதி நாலு மடங்கு பருமனாக, இரண்டும் வேறு வேறு எந்திரங்கள் போலத் தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கொதிக்கும் நீர் கையில் பட்டால் சுடும். இட்லிக் கொப்பரை ஆவி பட்டால் தோலே வழன்றுவிடும். இரண்டும் அதே 100 டிகிரிதான். ஆவி நீராகும்போது தன்னிடம் பதுக்கி வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறது, அதுதான் வித்தியாசம். இந்தப் பதுக்கல் சின்னதல்ல. தோராயமாகச் சொன்னால், நம் டர்பைனுக்குள் போகும் ஒரு கிலோ ஆவி 1,250 கிலோஜூல் வேலையைக் கொடுத்துவிட்டு, கண்டன்சரில் 2,050 கிலோஜூல் வெப்பத்தை விட்டுப் போகிறது. வேலையைவிடக் கழிவு பெரிது.

அந்த 2,050-ஐ வைத்து ஏதாவது செய்யக்கூடாதா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சிக்கல் அதன் அளவில் இல்லை, தரத்தில் இருக்கிறது. அது 33 டிகிரியில் கிடைக்கிறது. சென்னை வெயிலைவிடக் குறைவு. 33 டிகிரி வெப்பத்தை வைத்துக் குளிக்கக்கூட முடியாது. கண்டன்சரில் எவ்வளவு நல்ல வெற்றிடம் இருக்கிறதோ, அவ்வளவு பயனற்றதாக வெளியே வரும் வெப்பம் இருக்கும். நல்ல மின் நிலையம் என்பதற்கே அதுதான் அர்த்தம்.

இனிமேல்தான் வேடிக்கை. வெற்றிடத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துப் பாருங்கள். கண்டன்சருக்குள் குளிர்ந்த நீருக்குப் பதிலாக நல்ல சூடான நீரை ஓட விடுங்கள். ஆவி இப்போது 100 டிகிரியில்தான் நீராகும், அங்கே அழுத்தம் வளிமண்டல அளவுக்கு ஏறிவிடும். டர்பைனின் பருத்த பின்பாதிக்கு வேலையே இல்லை, அதைக் கழற்றி வைத்துவிடலாம். கிடைக்கும் வேலை 1,250-லிருந்து 925 கிலோஜூலுக்கு இறங்கும். நஷ்டம் 325. ஆனால் கண்டன்சரில் கிடைக்கும் 2,100 கிலோஜூல் இப்போது 100 டிகிரி வெப்பம். குழாயில் ஏற்றி ஊருக்குள் அனுப்பி, வீட்டுக்கு வீடு, குளிர்நாடுகளில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் ஓட விடலாம்.

325 கொடுத்து 2,100 வாங்கியிருக்கிறோம். ஒரு யூனிட் மின்சாரத்தை விட்டுக்கொடுத்தால் ஆறரை யூனிட் வெப்பம். அதே ஒரு யூனிட்டை ஹீட்டரில் போட்டால் ஒரு யூனிட் வெப்பம் வரும். வெளியே இருக்கும் சூட்டை உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும் வெப்பப் பம்பில் போட்டால், குளிர்காலத்தில் மூன்று வரலாம். இந்தப் பேரத்தை முதன்முதலாகக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி போடாதவர் குறைவாகத்தான் இருப்பார்கள். தப்பு இல்லை. இயற்கை விதி எதையும் ஏமாற்றவும் இல்லை. வெப்பத்தை முழுவதும் வேலையாக மாற்ற முடியாது என்று 1824-ல் சாடி கார்னோ போட்ட அடித்தளம் அப்படியேதான் இருக்கிறது. மாறியது ஒன்றுதான்: எப்படியும் கழியப்போகிற வெப்பம் எந்த வெப்பநிலையில் கழிய வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டோம். மூலிகை பெட்ரோலுக்குக் கைதட்டிய ஊர் நாம். தண்ணீரில் ஓடும் பைக் என்று வீடியோ வந்தால் இன்றும் பகிர்கிறோம். உண்மையாகவே நடக்கிற இந்த வித்தைக்குப் பத்து பேர் கைதட்டினால் சந்தோஷப்படுவேன்.

ஹெல்சின்கியில் 1974-ல் தொடங்கிய ஹனசாரி நிலக்கரி ஆலை இந்த ரகம். மின்சாரம் சுமார் 220 மெகாவாட், வெப்பம் 420 மெகாவாட். இந்த மாதிரி ஆலைக்குக் குளிர்விப்புக் கோபுரம் கிடையாது. ஊரில் உள்ள வீடுகளும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சேர்ந்துதான் அதன் கண்டன்சர். ஜனவரி இரவில் ஊர் நடுங்கினால் ஆலை முழு மூச்சில் ஓடும், மின்சாரமும் நிறைய வரும். ஜூலையில் ரேடியேட்டர்கள் சும்மா கிடந்தால் வெப்பத்தை வாங்க ஆளில்லை, டர்பைனையும் ஓட்ட முடியாது. மின்சாரம் வேண்டும் என்று யார் கேட்டாலும் ஊர் குளிர்ந்தால்தான் கிடைக்கும்.

இது ஃபின்லாந்துக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் 1903-லேயே குப்பையை எரித்து, மின்சாரத்தையும் வெப்பத்தையும் பக்கத்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். லெனின்கிராடில் 1924 நவம்பர் 25 அன்று ஃபான்டாங்கா ஆற்றங்கரை மின் நிலையத்திலிருந்து 96-ஆம் எண் கட்டடத்துக்கு வெப்பம் போனது. அப்புறம் சோவியத் நாடு முழுக்க ஊருக்கு ஓர் அனல் நிலையம் என்பது நகரத் திட்டத்தின் பகுதியாகவே ஆகிவிட்டது. ஆனால் வீட்டு ரேடியேட்டரில் வால்வு வைக்க மறந்தார்கள், அல்லது வைக்க மனமில்லை. சூடு அதிகமானால் மைனஸ் இருபதிலும் ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் வழி. டர்பைனில் மிச்சம் பிடித்ததை ஜன்னல் வழியே கொட்டினார்கள். லண்டனில் பேட்டர்சீ நிலக்கரி ஆலையின் வெப்பம் 1950 முதல் தேம்ஸ் நதிக்கு அடியில் குழாய் வழியாக எதிர்க்கரை பிம்லிகோ குடியிருப்புக்குப் போனது. அங்கே கண்ணாடி முகப்போடு 41 மீட்டர் உயரத்தில் நிற்கும் வெந்நீர்த் தொட்டிக் கோபுரம் இன்றும் இருக்கிறது. பேட்டர்சீ 1983-ல் மூடப்பட்டது. குழாய் வலை வேறு பாய்லர்களோடு தொடர்ந்து ஓடுகிறது.

ஹெல்சின்கி இதையெல்லாம்விடத் தீவிரமாக இறங்கியது. சல்மிசாரியின் முதல் ஆலை 1953-ல் வந்தது. இன்று நகரத்துக் கட்டடங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் மைய வெப்பக் குழாயில் இணைந்திருக்கின்றன. குழாய் வலையின் நீளம் 1,300 கிலோமீட்டருக்கு மேல். அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்துக்குப் போனால் ஓர் அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி நிற்கும். அதற்குள் மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிய இரண்டு வெப்பமாற்றிகள். ஒன்று ரேடியேட்டர்களுக்கு, இன்னொன்று குளியலறைக் குழாய்க்கு. ஆலையின் நீர் வீட்டுக்குள் வருவதே இல்லை. சூட்டைத் தகடு வழியே கொடுத்துவிட்டு நாற்பது, ஐம்பது டிகிரிக்கு ஆறி அப்படியே திரும்பிப் போகிறது. இளவேனிலில் 65 டிகிரி நீர் வந்தால் போதும், கடுங்குளிரில் 115 வரை ஏற்றுவார்கள். அழுத்தத்தில் இருப்பதால் 115-லும் அது கொதிக்காது.

சல்மிசாரியின் கரிக் கிடங்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மனசு கேட்காது. மற்ற ஊர்களில் ஆலைக்குப் பக்கத்தில் கரி மலையாகக் குவிந்து கிடக்கும், காற்றடித்தால் தெருவெல்லாம் தூசி. சல்மிசாரி நகரத்துக்குள்ளேயே, கடலோரத்தில், நிலத்துக்குத் தங்கம் விலை போகும் இடத்தில் இருந்தது. ஆகவே ஆலைக்கு அடியில் பாறையைக் குடைந்தார்கள். 120 மீட்டர் ஆழம் வரை இறங்கும் குழிகளில் 2.5 லட்சம் டன் கரி கொள்ளும். கப்பலில் வந்த கரி மேலிருந்து கீழே விழும். கீழே இருந்து பட்டை ஏறி வந்து பாய்லருக்குள் போகும். 2004-ல் இது தயாரானது. பதினைந்தே ஆண்டில், 2019-ல், மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் கரி எரிப்பதை 2029 மே முதல் தடை செய்யும் சட்டத்தை ஃபின்லாந்து நிறைவேற்றிவிட்டது.

சரி, நெய்வேலி வாசகருக்கு வருவோம். ஏன் நம்மூரில் இல்லை?

முதல் காரணம் வெளிப்படை: நமக்கு ரேடியேட்டர் தேவையில்லை. வெப்பத்தை வாங்க ஆளில்லாத இடத்தில் வெற்றிடத்தைக் கெடுத்தால் மின்சாரம்தான் குறையும். ஆளிருக்கும் இடத்தில் நாமும் இதைச் செய்கிறோம். தமிழ்நாட்டுச் சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையை எரித்து ஆவி உண்டாக்கி, டர்பைனை ஓட்டி, வேலை முடிந்த ஆவியைச் சாறு காய்ச்சும் கலன்களுக்கு அனுப்புகிறார்கள். மிஞ்சும் மின்சாரம் கிரிடுக்குப் போகிறது. கொள்கையில் ஹனசாரிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. அங்கே ஊர் கண்டன்சர், இங்கே சாறு கண்டன்சர்.

“சூடு வேண்டாம், ஏசி வேண்டுமே” என்று அடுத்த கேள்வி வரும். வெந்நீரைக் கொடுத்துக் குளிர்ச்சியை வாங்கும் எந்திரம் உண்மையில் இருக்கிறது. லித்தியம் புரோமைடு கரைசல் நீராவியை உறிஞ்சும் தன்மையை வைத்து அது இயங்குகிறது. கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு யூனிட் மின்சாரத்தை விட்டால் ஆறரை யூனிட் வெப்பம். அந்த எந்திரம் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.7 யூனிட் அளவுக்குக் குளிர்ச்சி தரும். ஆக, நாலரை யூனிட் குளிர்ச்சி. ஆனால் அதே ஒரு யூனிட் மின்சாரத்தைப் பெரிய வணிக வளாகத்து மின் குளிர்விப்பான் ஒன்றுக்குக் கொடுத்தால் ஐந்து யூனிட் குளிர்ச்சி வந்துவிடுகிறது, அதுவும் குழாய் பதிக்காமல். ஐரோப்பியக் குளிரில் அபாரமாக இருந்த பேரம் சென்னைக் கோடையில் கையைக் கடிக்கிறது. நம் பொறியாளர்கள் அறியாமல் விட்டது அல்ல இது, கூட்டிக் கழித்துப் பார்த்து விட்டது.

தூரமும் ஒரு தொல்லை. மின்சாரம் ஆயிரம் கிலோமீட்டர் போகும். வெந்நீருக்கு அந்தக் கால்வலு கிடையாது. செக் நாட்டில் மெல்னிக் நிலக்கரி ஆலையிலிருந்து பிராக் நகருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு வெப்பம் கொண்டுவருகிறார்கள். அதையே பெரிய சாதனையாகத்தான் சொல்வார்கள்.

ஆனால் 33 டிகிரிக் கழிவுக்கும் ஓர் உபயோகம் கண்டுபிடித்தவர்கள் நம்மூரிலேயே இருக்கிறார்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2009-ல் ஒரு சிறிய ஆலை அமைத்தது. கண்டன்சரிலிருந்து வரும் கடல்நீர், புதிதாக எடுக்கும் கடல்நீரைவிடப் பத்து டிகிரி போலச் சூடாக இருக்கும். அந்தச் சூடான நீரை வெற்றிட அறைக்குள் விட்டால் ஒரு பகுதி குபீரென்று ஆவியாகும். அதைக் குளிர்ந்த கடல்நீரால் நீராக்கினால் உப்பில்லாத நீர். நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர். பத்து டிகிரி வித்தியாசத்தில் கடல்நீரைக் குடிநீராக்குவது லேசான காரியமா? இதற்கெல்லாம் நாம் கொடுக்கும் பணமும் கவனமும் போதாது என்பது என் கட்சி. மாதிரி ஆலை திறக்க அமைச்சர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள். பத்தாண்டு ஓட்டிப் பார்த்து, குழாயில் உப்புப் படிந்ததா, பம்புச் செலவு கட்டுப்படியானதா என்று எழுதி வைக்கும் ஆய்வாளருக்குச் சம்பளம் போடத்தான் நிதி இருக்காது.

ஹெல்சின்கி இப்போது என்ன செய்கிறது? ஹனசாரி 2023 ஏப்ரலில் மூடப்பட்டது, இரண்டு ஆண்டு கழித்து சல்மிசாரியின் கரி அணைந்தது. குழாய்கள் அப்படியே இருக்கின்றன. சூட்டைக் கொடுப்பவர்தான் மாறியிருக்கிறார். சுத்திகரித்த சாக்கடை நீரிலிருந்து சூட்டை உருவும் வெப்பப் பம்புகள் நகரத்தின் பூங்கா ஒன்றுக்கு அடியில் இயங்குகின்றன. மரச் சில்லு எரிக்கும் ஆலை இருக்கிறது. மின்சாரம் மலிவான நேரத்தில் ஓடும் மின் பாய்லர்கள் இருக்கின்றன. முஸ்திக்கமா தீவில் எண்ணெய் சேமிக்கக் குடைந்த பழைய குகைகளில் வெந்நீரை நிரப்பியிருக்கிறார்கள். கொள்ளளவு 2.6 லட்சம் கன மீட்டர். நீர் 40 டிகிரி ஆறினால் எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்று பெருக்கிப் பாருங்கள், ஒரு கோடி யூனிட்டைத் தாண்டும்.

90 சதவீதம் பயன்பட்ட ஆலையை மூடலாமா என்று கேட்கலாம். மூடத்தான் வேண்டும். கரியில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு சுமார் 340 கிராம் கரியமில வாயு வருகிறது. டர்பைனின் பின்வாசலில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் உலைக்குள் நடக்கும் அந்த வேதியியல் மாறாது.

ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. ஹனசாரி மூடிய அதே 2023 ஏப்ரலில் ஃபின்லாந்தின் மேற்குக் கரையில் ஒல்கிலுவோட்டோவின் மூன்றாவது அணு உலை முழுமையாக உற்பத்தியில் இறங்கியது. வெப்பம் 4,300 மெகாவாட், மின்சாரம் 1,600. மிச்சம் 2,700 மெகாவாட், அதாவது ஹனசாரி ஊருக்குக் கொடுத்ததைப் போல ஆறு மடங்குக்கு மேல், இளஞ்சூட்டு நீராகக் கடலுக்குப் போகிறது. ஊர் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, என்ன செய்ய. இதைவிடப் பக்கத்தில், ஏறக்குறைய 80 கிலோமீட்டரில், லொவீசாவில் புதிய உலை கட்டி அதன் வெப்பத்தை ஹெல்சின்கிக்குக் குழாயில் கொண்டுவரும் யோசனை ஒன்று இருந்தது. 2010-ல் அரசு அந்த உலைக்கு அனுமதி தரவில்லை, குழாயும் காகிதத்தோடு நின்றது. இப்போது ஃபின்லாந்தில் 50 மெகாவாட் அளவுக்கு ஒரு குட்டி அணு உலையை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் டர்பைனே கிடையாது, மின்சாரம் கிடையாது, வெந்நீர் மட்டும்தான். அழுத்தம் குறைவு, கட்டுவது எளிது, ஊருக்குப் பக்கத்திலேயே வைக்கலாம் என்கிறார்கள். எல்லாம் சரிதான். அணுவைப் பிளந்து வந்த வெப்பத்தைக் கொண்டு ஒரு தகடுகூடச் சுழலவில்லை என்பதுதான் டர்பைன் ரசிகனான எனக்கு ஜீரணமாகவில்லை.